பார்வை மூன்று

பொருள்: நில உபயோக மாற்றம்.
பார்வை என்று அடுத்த வரி.

அரசுக் கடிதத்தில் பார்வை என்பது கண் அல்ல;
இதற்கு முன் வந்த தாள்களின் பட்டியல்.
பதினோரு வருடமாக
நானும் அப்படித்தான் பார்த்துவந்தேன்.

ஓசூர். பாகலூர் சாலையிலிருந்து
நானூறு மீட்டர் உள்ளே,
இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்.
முழுமைத் திட்ட வரைபடத்தில் பச்சை.
கம்பெனி கேட்கும் நிறம் நீலம்:
எட்டு மாடி, கண்ணாடி முகப்பு,
அடியில் இருநூற்றுப் பத்துக் கார்கள் படுக்க இடம்.
எங்கள் அலுவலகத்தில்
பச்சைப் பென்சில்தான் இன்னும் நீளமாக இருக்கிறது.
நீலம் கட்டைவிரல் அளவு.

அறிவிப்பு ஒட்டினோம். முப்பது நாள்.

முதலில் வந்ததில் கையெழுத்து இல்லை.
"இதில் பணம் விளையாடுகிறது."
எங்கே, எவ்வளவு, ஒன்றும் இல்லை.
பார்வை இரண்டு என்று எண் போட்டுச் சேர்த்தேன்.

அடுத்தது பேடரப்பள்ளி ஹேமாவதி.
காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஏறி
அத்திப்பள்ளி எல்லை தாண்டி
எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்.
"வேலை இங்கே வந்தால்
என் மகன் விழித்திருக்கும்போது அவனைப் பார்ப்பேன்.
அந்தப் பாதையில் விளக்கு இல்லை,
அதையும் போடச் சொல்லவும்."
பதிவேட்டில் ஆட்சேபணைக்குத்தான் பத்தி உண்டு,
ஆதரவுக்கு இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

கடைசியாகத் திம்மராயப்பா.
வடகிழக்கே ஒட்டிய அரை ஏக்கர்,
பாலித்தீன் கூடாரத்துக்குள் ரோஜா.
தமிழில் தொடங்கி
கோபம் வந்த இடத்தில் தெலுங்குக்குத் தாவும் கடிதம்.
"கட்டடம் வரட்டும். வெயில் யாருடையது?"

விதிகளைப் புரட்டினேன்.
சாலையின் அகலம் இருந்தது,
தீயணைப்பு வண்டி திரும்பும் ஆரம் இருந்தது,
மழைநீர்த் தொட்டியின் கன அளவுகூட இருந்தது.
வெயில் இல்லை.

அளக்கப் போன அன்று
கோவர்த்தனன் டேப்பின் மறுமுனையைப் பிடித்தான்.
கூடாரத்துக்குள் ஒவ்வொரு மொட்டுக்கும்
ஒரு வலைத் தொப்பி.
திம்மராயப்பா எங்களிடம் பேசவில்லை,
குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின்
முப்பது மீட்டர் உயரத்தை
மார்கழி மாதத்து நாலு மணி வெயிலில் நிறுத்தி
நிழலை வரைந்தேன், கறுப்புப் பென்சிலில்.
அறுபத்தாறு மீட்டர்.
கூடாரம் உள்ளே போய்விட்டது.
யாரும் கேட்காத கோடு.

விசாரணையில் விரித்துவைத்தேன்.
"கொஞ்சம் தென்மேற்கே தள்ளி,
இரண்டு மாடி குறைத்தால்..."
கம்பெனி இன்ஜினியர் முடிப்பதற்குள்
அவர் முதலாளி இருமினார்.
திம்மராயப்பா சுண்டுவிரலால்
நிழலின் விளிம்பை மெதுவாகச் சுற்றிவந்தார்.
"இதுல ஒரு நகல் கிடைக்குமா மேடம்?"
பணம் கட்டினார். ரசீது கேட்டு வாங்கினார்.

எட்டாம் நாள் வாபஸ் மனு வந்தது.
முத்திரைத்தாள், வக்கீல் தமிழ்,
தெலுங்கு ஒரு சொல்லும் இல்லை.
டீயை ஆற்றிக்கொண்டே
அரை ஏக்கர் போன விலையைக் கோவர்த்தனன் சொன்னான்.
நான் இரண்டுமுறை கேட்டேன்.
உங்க கோட்டுக்கு மட்டும்
சதுர அடிக்கு நூத்திநாப்பது கூடவாம், என்று சிரித்தான்.

கோபப்பட முயன்றேன், வரவில்லை.
அவருடைய வெயில், அவர் விற்றார்.
தராசு மட்டும் என்னுடையது.

குறிப்பு எழுதினேன்:
ஆட்சேபணை ஏதும் நிலுவையில் இல்லை. பரிந்துரைக்கலாம்.
நிபந்தனை: சாலையிலிருந்து வாசல்வரை
மனுதாரர் செலவில் தெருவிளக்கு பதினான்கு.

நிழல் தாளை எடுக்கவில்லை.
பக்கம் அறுபத்தொன்று.

"விளக்கு எங்கேயிருந்து வந்தது?"
கையெழுத்துப் போடப் போன மேலதிகாரி
பேனாவை நிறுத்திக் கேட்டார்.

பார்வை மூன்று, என்றேன்.

கோப்பைப் பின்னாலிருந்து புரட்டத் தொடங்கினார்.